அறைக்கு நிறம் தெரிதல்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது கண்டி. சரிவை வெட்டிக் கட்டிய எங்கள் வீட்டின் பின்னறைக்கு வெயில் வருவதே அபூர்வம். ஜன்னலுக்கு வெளியே பலாமரமும் மிளகுக் கொடியும் நிற்கின்றன. அவற்றில் பட்டு வரும் ஒளியில் பச்சை கலந்திருப்பதால், கடையில் வெளிர்சாம்பலாகத் தெரிந்த நிறம் இங்கே பாசி படிந்ததுபோல் இருக்கும். எனவே நிற அட்டையின் சிறு துண்டை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பேன். சிறிய டின் ஒன்றை வாங்கி, பெரிய அட்டையில் இரு தடவை பூசி, காலையிலும் மாலையிலும் மின்குமிழ் வெளிச்சத்திலும் சுவரோடு வைத்துப் பாருங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் மங்கிவிடும்.

அந்த அறையில் என்னோடு உம்மும்மாவும் தூங்குகிறார். எனக்கோ ஊதா நிறத்தில் ஆசை. ஆனால் வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளாகி, நீல ஒளியைத் தடுக்கிறது; நீலமும் ஊதாவும் சாம்பலும் பிரித்தறியக் கடினமாகின்றன. சுவரும் கதவு நிலையும் ஒரே வெளிர்நிறமானால், சுபஹுக்கு எழும்பும் உம்மும்மா வாசலைத் தேட வேண்டிவரும். ஆகவே சுவருக்கு வெண்ணெய் நிறம், கதவு நிலைக்குக் கடும் கபிலம். ஊதா என் புத்தகத் தட்டுக்கு மட்டும்!

இதற்கெல்லாம் முன்னர் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். மண்ணோடு ஒட்டிய பின்சுவர் ஒக்டோபர், நவம்பர் மழையில் ஊறிவிடும். அதன்மேல் இமல்ஷன் பூசினால், வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சைக் கொப்பளிக்க வைத்து உரித்துவிடும். அந்தக் காலத்துச் சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். வெண்மை எடுப்பாகத் தெரிய அதில் சிறிது நீலமும் கலப்பார்கள். வாப்பா இப்போது பின்புறக் கானைத் துப்புரவாக்கிக்கொண்டிருக்கிறார். சுவர் நன்றாகக் காய்ந்த பின், பெப்ரவரியில்தான் டின்னைத் திறப்போம்.