கையாலும் கற்கலாம்

ஊரிலிருந்து உறவினர் வந்தால், அரண்மனையைக் காட்டிய பின் நாம் அவர்களைச் சயாஜிராவ் சாலையிலுள்ள காவேரி கைவினைப்பொருள் விற்பனை நிலையத்திற்கு அழைத்துச் செல்வது வழக்கம். சந்தனப் பேழையையும் ஈட்டி மரத்தில் இழைத்த யானையையும் வியந்து பார்த்துத் திரும்புகிறோம். அக்கட்டடம் எதற்காக எழுந்தது என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

அது ஒரு பள்ளிக்கூடமாக எழுந்தது. 1894ஆம் ஆண்டு தமது 31ஆம் வயதில் கல்கத்தாவில் காலமான மகாராஜா சாமராஜேந்திர உடையாரின் பெயரால் அமைந்த தொழிற்கல்விக் கூடம் அது. 1906இல் மைசூருக்கு வந்த வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர், அதற்கு அடிக்கல் நாட்டினார். 1897இல் தீக்கிரையான பழைய அரண்மனைக்குப் பதிலாகப் புதியது எழுந்துகொண்டிருந்த காலம் அது. கைத்திறனின் அருமையை நகரம் நன்கு உணர்ந்திருந்தது. ஓவியம், சந்தன மரச் செதுக்கு, ஈட்டி மர இழைப்பு, தச்சு, உலோக வேலை ஆகியவை அங்கே பாடங்களாயின. தந்தை மகனுக்கு வீட்டுத் திண்ணையில் சொல்லித்தந்த வித்தை, இவ்வாறு பள்ளிப் பாடமாக உயர்ந்தது. அதன் கலைப்பிரிவின் வழிவந்த சாமராஜேந்திரா காட்சிக் கலைக் கல்லூரி, இன்று பட்டப் படிப்பும் அளிக்கிறது. மைசூர் ஈட்டி மர இழைப்பு, புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

மன்னர் நாளில் தொடங்கிய இந்த எண்ணத்தைக் குடியரசும் கைவிடவில்லை. 1950இல் மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தோன்றியது. அதன் வழியில் நடப்பவையே இன்றைய ஐ.டி.ஐ. நிலையங்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் அங்கே பிட்டர், எலெக்ட்ரீஷியன் ஆகிய தொழில்களை இரண்டாண்டுகளில் கற்கலாம்; வெல்டர் பயிற்சி ஓராண்டே. 1961இல் வந்த தொழில் பழகுநர் சட்டத்தின்படி, தேறியவர்கள் உதவித்தொகையோடு தொழிற்சாலைகளிலும் பழகலாம்.

நம் இரயில்வேயில் இதற்குள்ள மதிப்பை, கோப்புகளோடு காலம் கழிக்கும் குமாஸ்தாக்களாகிய நாம் அறிவோம். பெட்டிகளைப் பழுதுபார்க்கும் அசோகபுரம் ஒர்க்‌ஷாப்பில் பழகுநராகச் சேர எழுத்துத் தேர்வு இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணையும் கொண்டே பட்டியல் தயாராகிறது. உதவி லோகோ பைலட் வேலைக்கு விண்ணப்பிக்கவும் ஐ.டி.ஐ. சான்றிதழோ டிப்ளமோவோ வேண்டும். பி.யு.சி. மட்டும் தேறியவருக்கு அந்த வாயில் அடைத்தே இருக்கும்.

இவ்வளவும் அறிந்திருந்தும் நாம் ஒரு பிழை செய்தோம். நம் குவார்ட்டர்ஸில் ஒரு பையன் எஸ்.எஸ்.எல்.சி.யில் சுமாராகத் தேறினான். சைக்கிளோ மின்விசிறியோ, பழுதென்றால் அண்டை வீட்டார் தேடுவது அவனைத்தான். பிட்டர் படிக்கிறேன் என்றான். “ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தது, பிள்ளை ஸ்பானர் பிடிக்கவா, சார்?” என்று அவன் தந்தை நம்மிடம் கேட்டார். நாமும் அவர் பக்கமே பேசினோம். பி.யு.சி. விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்தான். இரண்டாண்டு கழித்துத் தவறினான். மூன்று மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பிறகு அவன் தாயார்தாம் ஒருவரையும் கேளாமல் ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை வாங்கி வந்தார்.

இன்று அவன் பழகுநர். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு நம்மைக் கண்டால் நின்று வணக்கம் சொல்கிறான். வீணான இரண்டாண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுவே நம்மை உறுத்துகிறது.

தொழில் கற்றவர் யாவர்க்கும் உத்தியோகம் நிச்சயம் என்று நாம் கூறவில்லை. ஆயினும் கற்ற கை சும்மா இராது. எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வெளியாகும் நாளில், மதிப்பெண்ணைப் பார்க்குமுன் பிள்ளையின் கையைப் பாருங்கள். ஆணாயினும் பெண்ணாயினும் விருப்பம் என்னவென்று கேளுங்கள். எங்கு சேர்ப்பது என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.