துண்டு விலகிய சந்தை

அமெரிக்காவில் ஒரு பையனைக் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குப் பிடிக்கும் வேலை கல்லூரி வாசலில் தொடங்குவதில்லை. ஒரு காரின் டிக்கியில் தொடங்குகிறது. டிக்கி நிறைய அட்டைப்பெட்டிகள். பெட்டிக்குள் ஷூ, தோள்பை, பயிற்சி உடுப்பு. எல்லாவற்றின்மேலும் ஒரே கம்பெனியின் முத்திரை. கோச் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார், பில் கிடையாது. வாங்கிக்கொள்ளும் பையனுக்குப் பதினான்கு வயது. ஆறடியைத் தாண்டிவிட்டான், பாதம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பள்ளி திறந்தபோது வாங்கிய ஷூ கிறிஸ்துமஸுக்குள் கடிக்கத் தொடங்கிவிடும். அந்தக் காலுக்கு ஷூ வாங்கி மாளாத வீட்டில் இந்த அட்டைப்பெட்டிக்கு உள்ள மரியாதையே தனி.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம்பித்தான் கம்பெனி கொடுக்கிறது. நூறு முளையில் தொண்ணூற்றொன்பது பொய்த்தாலும் அதற்குக் கவலையில்லை. மிஞ்சும் ஒன்று என்ன விலை பெறும் என்பதை 2003 காட்டிவிட்டது. அப்போதுதான் பள்ளிப்படிப்பை முடித்திருந்த லெப்ரான் ஜேம்ஸ், தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாத நிலையில், நைக்கியிடம் சுமார் 9 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றப் படிகள் தாமே விளங்கும். கம்பெனி கல்லூரிக்காக ஆள் பிடிப்பதில்லை. ஐந்தாறு வருஷம் கழித்துத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ. தளத்தில் ஓடப்போகும் ஒரு காலை இப்போதே பிடித்துவைக்கிறது. கல்லூரி, அந்தக் கால் நடுவில் தங்கிப்போகும் சத்திரம். 2006ஆம் ஆண்டு வீரர் தேர்விலிருந்து என்.பி.ஏ.வுக்குள் நுழையப் பத்தொன்பது வயதாகியிருக்க வேண்டும், பள்ளி முடிந்து ஒரு வருஷமும் கடந்திருக்க வேண்டும் என்று விதி. சத்திரத்துக்கு வாடிக்கை உறுதியானது அதனால்தான்.

அடுத்த படி, பையனை ஒரு தொடருக்குள் கொண்டுவருவது. குளிர்காலத்தில் அவன் பள்ளி அணிக்கு ஆடுவான். வசந்தத்திலும் கோடையிலும் கிளப் அணிக்கு. ஆள்பிடிப்பு பெரும்பாலும் இரண்டாவதில்தான் நடக்கிறது. நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆர்மர் மூன்றும் தனித்தனியே இளைஞர் தொடர் நடத்துகின்றன. அணிகளுக்குச் சீருடை, பயணச் செலவு எல்லாம் கம்பெனியுடையது. நைக்கியின் தொடர் 2010இல் தொடங்கியது. அதன் உச்சகட்டமான பீச் ஜாம், ஜூலை மாதம் தென் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் நடக்கும்.

பீச் ஜாமில் பார்க்க வேண்டியது ஆட்டத்தையல்ல, ஓரத்தில் போட்டிருக்கும் நாற்காலிகளை. நாட்டின் பேர்பெற்ற கல்லூரிக் கோச்சுகள் தோளோடு தோள் உரச அவற்றில் உட்கார்ந்திருப்பார்கள். பையனோடு அங்கே நேரில் பேச விதி இடம் தராது, பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே அவர்கள் பார்ப்பதற்கு வருவதில்லை, பார்க்கப்படுவதற்கு வருகிறார்கள். வருடத்துக்குப் பல லட்சம் டாலர் சம்பளம் வாங்கும் மனிதர், கல்லூரிச் சின்னம் தைத்த பனியனோடு, பதினேழு வயதுப் பையன் இந்தப் பக்கம் திரும்பும்போது தன் முகம் அவன் கண்ணில் பட வேண்டுமே என்று முன்வரிசையில் காத்திருப்பார். அவர் நெஞ்சில் கல்லூரிச் சின்னத்துக்கு எதிர்ப்பக்கம் கம்பெனியின் முத்திரை. பையனின் நெஞ்சிலும் ஒரு கம்பெனி முத்திரை. இரண்டும் ஒன்றாக இருந்துவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம்.

கோச்சின் நெஞ்சுக்கு அந்த முத்திரை வந்த கதை 1977இல் ஆரம்பிக்கிறது. அந்த ஆண்டு நைக்கியில் சேர்ந்த சன்னி வக்காரோ ஒரு யோசனை சொன்னார்: வீரனுக்குப் பணம் கொடுத்தால்தானே குற்றம், கோச்சுக்குக் கொடுத்தால்? கோச்சுக்கு ஒரு காசோலை, அணி முழுவதுக்கும் இலவச ஷூ. லாஸ் வேகாஸ் கல்லூரியின் ஜெரி டார்க்கேனியன் முதலில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். ஆளும் பேரும் தெரியாத கம்பெனியின் ஷூ சில வருஷங்களில் தொலைக்காட்சியெங்கும் ஓடியது. தனியாளுக்குப் போன காசோலை பிறகு பல்கலைக்கழகத்துக்கே போக ஆரம்பித்து, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்த மொத்தக் குத்தகையாகப் பருத்தது. 2016இல் யு.சி.எல்.ஏ.வுக்கு அண்டர் ஆர்மர் 15 ஆண்டுகளுக்கு 28 கோடி டாலர் என்றது. (2020இல் பின்வாங்கியது; வழக்குப் போட்ட பல்கலைக்கழகத்துக்கு 6.75 கோடி கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.) வக்காரோவோ நைக்கி, அடிடாஸ், ரீபாக் மூன்றிலும் வேலை பார்த்துவிட்டு, கடைசியில் வீரர்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று வழக்காடியவர்கள் பக்கம் போய் நின்றார். பூட்டுப் போட்டவருக்குத்தானே சாவி இருக்கும் இடம் தெரியும்.

இனி இடைத்தரகர். அதுதான் மூன்றாவது படி, 2021க்கு முன்பு எல்லாவற்றிலும் முக்கியமான படி. அப்போது கம்பெனி நேராகக் குடும்பத்துக்குப் பணம் தர முடியாது. கல்லூரியும் தர முடியாது. தந்தது தெரிந்தால் பையன் ஆட்டத் தகுதியை இழப்பான். உதவித்தொகை, சாப்பாடு, தங்குமிடம் போன்ற படிப்புச் செலவு தவிர வேறெதுவும் கூடாது என்பது கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ.வின் அன்றைய சட்டம். எனவே நடுவில் ஒருவர் வேண்டும். கிளப் கோச், பயிற்சி கொடுக்கும் அண்ணன், ஏஜெண்டாகக் கனவு காணும் இளைஞன் என்று யாராவது. நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவர்களுக்குப் பேரம் நடப்பது தெரியும், தொகை தெரியாது. கூடைப்பந்துச் சந்தையும் நாற்பது வருஷம் அப்படித்தான் நடந்தது.

2017 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கின் மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம் அந்தத் துண்டை இழுத்தது. நான்கு கல்லூரிகளின் உதவிக் கோச்சுகள், அடிடாஸ் அதிகாரி ஜேம்ஸ் காட்டோ உள்பட பத்துப் பேர்மீது குற்றச்சாட்டு. அதிலிருந்து வெளிவந்த பிரையன் போவன் விவகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். படிகள் அத்தனையும் அதில் இருக்கின்றன. போவன் மிச்சிகனைச் சேர்ந்த பெயர்பெற்ற பள்ளி வீரர். 2017 ஜூன் மாதத்தில், யாரும் எதிர்பாராத நேரத்தில், லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு வருவதாக அறிவித்தார். லூயிவில் அடிடாஸின் கல்லூரி. அறிவிப்புக்குப் பின்னால் இருந்தது பையனின் அப்பாவுக்குப் பேசிய 1 லட்சம் டாலர். மொத்தமாகக் கொடுத்தால் கண்ணில் படும். நான்கு தவணையாகப் பேசினார்கள். கம்பெனிக் கணக்கில் எப்படி எழுதுவது? ஒரு கிளப் அணியின் பேரில் பொய் ரசீது போட்டுப் பணத்தை வெளியே எடுப்பது, அங்கிருந்து ரொக்கமாகக் கைமாற்றுவது. கணக்குப்பிள்ளை பார்த்தால் சிறுவர் விளையாட்டுக்குச் செய்த தர்மமாகத் தெரியும். முதல் தவணை போகும் முன்பே இந்தப் பேரத்துக்குள் எஃப்.பி.ஐ. ஆள் நுழைந்துவிட்டார். ரகசியப் போலீஸும் உள்ளே இருக்க, அதே ஆகஸ்டில் லூயிவிலும் அடிடாஸும் 10 ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தத்தை விழா எடுத்து அறிவித்தன.

அக்டோபரில் தலைமைக் கோச் ரிக் பிட்டினோவை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர்மீது குற்ற வழக்கு இல்லை. தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். 2018 அக்டோபரில் காட்டோ, இந்தப் பேரத்தின் இடையில் நின்ற மெர்ல் கோட், கிறிஸ்டியன் டாக்கின்ஸ் மூவரும் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. தண்டனை ஒன்பது மாதம், ஆறு மாதம், ஆறு மாதம். என்ன குற்றம் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஜீரணமாகாத பகுதி. தகுதியில்லாத வீரனுக்கு ஏமாந்து உதவித்தொகை கொடுத்ததால் பல்கலைக்கழகம்தான் மோசம் போனதாம். 16 கோடி வாங்கியவர் பாதிக்கப்பட்டவர். 1 லட்சம் பேசியவர் மோசடிக்காரர். போவன் கல்லூரி ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போய் ஆடினார். அதே விசாரணையில், கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஒரு வீரரின் அம்மாவுக்கு 90,000 டாலர் கொடுத்ததாக அடிடாஸின் ஆலோசகர் ஒருவர் சாட்சி சொன்னார். அடுத்த ஆண்டே கான்சாஸ் அடிடாஸோடு 14 ஆண்டுகளுக்கு 19.6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

2021 ஜூலை 1 முதல் துண்டு தேவையில்லாமல் போயிற்று. ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து என்.சி.ஏ.ஏ. தனக்கென்று கோரிவந்த விலக்கு செல்லாது என்று அதற்குப் பத்து நாள் முன்புதான் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லியிருந்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டன. வீரன் தன் பெயர், படம், சாயலை விற்றுக்கொள்ளலாம் என்று ஆனது. இதை என்.ஐ.எல். என்ற மூன்றெழுத்தில் சொல்கிறார்கள்.

உடனே முளைத்தது கலெக்டிவ் என்ற அமைப்பு. கல்லூரியின் பணக்கார ரசிகர்கள் சேர்ந்து உண்டியல் வைப்பார்கள். வீரன் ஒரு கையெழுத்து விழாவுக்கு வருவான், இரண்டு பதிவு போடுவான். உண்டியலிலிருந்து மாதாமாதம் பணம் போகும். ஆளைச் சேர்ப்பதற்கான கூலியாக அது இருக்கக் கூடாது என்று விதி சொன்னது. விதியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2022 ஏப்ரலில் கான்சாஸ் ஸ்டேட்டிலிருந்து மயாமிக்கு மாறிய நைஜல் பேக்குக்கு இரண்டு ஆண்டுகளில் 8 லட்சம் டாலரும் ஒரு காரும் என்று பணம் தந்த கம்பெனி முதலாளியே ஊரறியச் சொன்னார். சொன்னதன் பலன் வாரம் திரும்புவதற்குள் வந்தது. ஏற்கெனவே மயாமியில் ஆடிக்கொண்டிருந்த ஐசையா வாங்கின் ஏஜெண்ட், என் ஆளுக்கும் கூட்டிக் கொடுங்கள், இல்லையென்றால் வேறிடம் பார்ப்போம் என்றார். கடைசியில் வாங் போகவில்லை. அடுத்த சீசனில் இருவரும் சேர்ந்து மயாமியைத் தேசியப் போட்டியின் கடைசி நான்கு வரை கொண்டுபோனார்கள். துண்டுக்கடியில் பேசிய காலத்தில் பக்கத்து மாட்டின் விலை தெரியாது, இப்போது தெரிகிறது. 2024 பிப்ரவரியில் டென்னசி நீதிமன்றம் ஒன்று, சேர்வதற்கு முன்பே தொகை பேசுவதைத் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

மாணவர் விசாவில் வந்த வெளிநாட்டு வீரர்களுக்கு மட்டும் இந்தக் கதவு முக்கால்வாசி மூடியே கிடக்கிறது; அமெரிக்க மண்ணில் வேலை செய்து சம்பாதிக்க விசா விடாது. காங்கோவிலிருந்து வந்து கென்டக்கிக்கு ஆடிய ஆஸ்கர் ஷீப்வே, 2022 ஆகஸ்டில் அணி பகாமாஸ் தீவுக்கு ஆடப்போனபோது விளம்பர வேலைகளை அங்கே வைத்து முடித்துக்கொண்டார். தீவில் அமெரிக்க விசாவுக்கு வேலையில்லையே.

இன்றைய கடைசிப் படி என்.சி.ஏ.ஏ.மீது வீரர்கள் போட்ட வழக்கில் 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த சமரசத்திலிருந்து வருகிறது. முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் சுமார் 2.05 கோடி டாலர் வரை தன் கையிலிருந்தே வீரர்களுக்குக் கொடுக்கலாம். பெரிய கல்லூரிகளில் அதில் பெரும்பங்கை அமெரிக்கக் கால்பந்து தின்றுவிடும். கூடைப்பந்துக்கு மிஞ்சுவது போதாதென்றால் வெளியாள் பணம் வேண்டும். 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களைப் பதிவு செய்ய வேண்டும். அவற்றில் மெய்யான வியாபார நோக்கம் இருக்கிறதா, தொகை நியாயமா என்று சலித்துப் பார்க்க ஓர் அமைப்பு இருக்கிறது. ரசிகர் உண்டியல் இந்தச் சல்லடையில் மாட்டிக்கொள்ளலாம். ஷூ கம்பெனி மாட்டாது; வீரனின் முகத்தை வைத்து ஷூ விற்பதுதானே அதன் பிழைப்பு. உச்சவரம்புக்கு மேலே பணம் ஏற அதைவிடச் சுத்தமான ஏணி இல்லை என்பது என் கணிப்பு. கல்லூரிகளும் அப்படித்தான் கணக்குப் போடுகின்றன போலும். 2026 ஜூலை முதல் நைக்கியை விட்டு அடிடாஸுக்கு மாறுவதாக டென்னசி பல்கலைக்கழகம் அறிவித்தபோது, தன் வீரர்களுக்கு விளம்பர ஒப்பந்தங்கள் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னது.

உச்சியில் இருக்கும் பையனுக்கோ கம்பெனி இப்போது கல்லூரிக்கு முன்பே வந்துவிடுகிறது. 2024 டிசம்பரில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்த ஏ.ஜே. டிபான்ட்ஸா, பள்ளி மாணவராக இருக்கும்போதே நைக்கியின் ஆள். கல்லூரிப் பக்கம் அவருக்குப் பேசிய தொகை 70 லட்சம் டாலர் அளவில் என்று செய்திகள் வந்தன. கூப்பர் ஃபிளாக் கதை இன்னும் வேடிக்கை. மெய்ன் மாநிலத்துப் பையன். நியூ பேலன்ஸின் தொழிற்சாலை அந்த மாநிலத்தில் உண்டு. 2024 ஆகஸ்டில் நியூ பேலன்ஸோடு கையெழுத்திட்டுவிட்டு டூக் பல்கலைக்கழகத்தில் ஆடப்போனார். டூக் நைக்கியின் கல்லூரி. ஆகவே விளம்பரத்தில் ஒரு ஷூ, ஆட்டத்தில் இன்னொரு ஷூ. அதே டூக்கில் 2019 பிப்ரவரியில், ஆட்டம் தொடங்கி அரை நிமிடத்தில் சயன் வில்லியம்சனின் நைக்கி ஷூ அடிப்பகுதி பிய்ந்து, பாதம் வெளியே வந்து, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பார்வையாளர் வரிசையில் ஒபாமா. மறுநாள் நைக்கியின் பங்கு விலை சரிந்தது. ஐந்து மாதம் கழித்து வில்லியம்சன் கையெழுத்திட்டது நைக்கிக்குச் சொந்தமான ஜோர்டன் பிராண்டோடு.

சேர்ந்த பையன் தங்குவான் என்பதற்கும் இப்போது உத்தரவாதமில்லை. சீசன் முடிவில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறக்கும்; பெயரைப் பதிந்தால் மறுநாளே வேறு கல்லூரிகள் கூப்பிடும்; ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற பழைய தண்டனை போய்விட்டது. 2025இல் அது மார்ச் 24 அன்று திறந்தது. தேசியப் போட்டியில் பதினாறு அணிகள் அப்போது இன்னும் மிச்சமிருந்தன. பகலில் எதிரணியின் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்த கோச்சுகள் ராத்திரியில் ஏஜெண்டுகளோடு தொகை பேசினார்கள். கூச்சல் கிளம்பவே, 2026 முதல் இறுதியாட்டத்துக்கு மறுநாள் திறக்கும்படி மாற்றியிருக்கிறார்கள்.