ஊர்ந்து வரும் கார்பன் பிரஷ்

ஆரணியில் கைத்தறிக்கு மேலே மின்னணு ஜக்கார்டு ஏறிய வீடுகளுக்கு வோல்டேஜ் கவலையும் உண்டு. மின்சாரம் சட்டென இறங்கினால் ஜக்கார்டுப் பெட்டி நின்றுபோகும், ஜரிகைப் பூ தப்பும். அங்கே காவல், மூலையில் இருக்கும் செர்வோ ஸ்டெபிலைசர்.

அதற்குள் இருப்பது வேரியாக். வளைய வடிவ இரும்பு. நெசவுத் தாரில் பட்டு சுற்றியதுபோல அதன்மேல் நெருக்கமாக ஒரே செம்புக் கம்பிச் சுருள். ஒரு பக்கம் மட்டும் எனாமல் சுரண்டிய செம்பு பளபளக்கும். அந்தத் தடத்தில் கார்பன் பிரஷ் ஊர்கிறது. அது தொடும் இடம்வரை எத்தனை சுற்றோ, அந்த அளவுக்கு வோல்டேஜ். வரத்து 190-க்குச் சரிந்தாலும், குட்டி மோட்டார் பிரஷ்ஷை நகர்த்தி 230-ஐப் பிடித்துவிடும்.

பிரஷ் தேய்ந்தால் பொறி பறக்கும், சுருளே கருகும். வருஷம் ஒருமுறையாவது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.