தேர்வறைக்கு முன்னால் – 9: தேகமா, யாக்கையா?

1916-இல் பல்லாவரத்து வீட்டுத் தோட்டத்தில் ஒரு தந்தை மகளோடு உலவிக்கொண்டிருந்தார். மகளுக்கு வயது பதின்மூன்று. தந்தை வள்ளலாரின் பாடல் ஒன்றைப் பாடினார். அதில் ‘தேகம்’ என்ற சொல் வந்ததும் நிறுத்தி, அந்த இடத்தில் ‘யாக்கை’ என்று இருந்திருந்தால் தமிழின் இனிமை இன்னும் கூடியிருக்கும் என்றார். அப்படியானால் நாம் ஏன் பிறமொழிச் சொற்களைக் கலந்து பேச வேண்டும் என்று மகள் கேட்டாள். சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும், தனித்தமிழ் இயக்கம் பிறந்ததும் அந்தக் கேள்விக்குப் பிறகுதான். மகள் நீலாம்பிகை 1937-இல் ‘வடசொற்றமிழ் அகரவரிசை’ என்ற நூலையே தொகுத்தார். வடசொல்லுக்கு நேர் தமிழ்ச்சொல் எது என்று காட்டும் நூல் அது.

சென்ற வாரம் எதிர்ச்சொல் பார்த்தோம். இந்த வாரம் ஒரே பொருள் தரும் பெயர்ச்சொற்கள் என்பதால்தான் பல்லாவரத்தில் தொடங்கினேன். 1911-இல் கிறித்தவக் கல்லூரி வேலையை விட்டபின் அடிகள் குடியேறிய ஊர் அது. அந்தக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937-இல். அதே ரயில் பாதையில் இன்னும் தெற்கே போனால், சென்னைக்குத் துணை நகரமாகத் திட்டமிட்டு எழுப்பிய மறைமலை நகர். வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும் மாறிய அந்தப் பெயர், ஒருபொருள் சொற்களுக்கு நம் கண்முன் நிற்கும் எடுத்துக்காட்டு. இங்கே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தினமும் பள்ளி முகவரியில் அதை எழுதுகிறார்கள்.

எந்தத் தேர்வு? உடுமலைக்கு அருகே அமராவதி நகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளிக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பில் சேர 125 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் மொழிப் பகுதி 25 கேள்வி, 50 மதிப்பெண். தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் மட்டும்தான். கணக்குக்கு 150 மதிப்பெண் இருப்பதால் பெற்றோர் கவனம் முழுக்க அங்கே போய்விடுகிறது. மொழிக்குக் கடைசி இரண்டு வாரம் ஒதுக்கி, இருநூறு முந்நூறு சொற்களை ஜோடி ஜோடியாக உருப்போடச் சொல்கிறார்கள். இது பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி என்றே சொல்வேன். எத்தனை ஜோடி உருப்போட்டாலும், தேர்வில் வருவது பெரும்பாலும் பட்டியலில் இல்லாத சொல்லாகத்தான் இருக்கும்.

கேள்வியை அமைக்கும் விதத்தைப் பாருங்கள். ‘வாகை’க்கு இணையான சொல் எது? போர், மாலை, வெற்றி, வீரன். நான்கும் ஒரே களத்துச் சொற்கள். ‘வாகை சூடினான்’ என்று எங்கோ படித்த பிள்ளை, சூடுவது மாலைதானே என்று அதைக் குறித்துவிடும். இன்னொன்று: ‘பஞ்சம்’. வறட்சி, பசி, தட்டுப்பாடு, வறுமை. வறட்சி பஞ்சத்துக்குக் காரணம். பசி அதன் விளைவு. வறுமை தனி மனிதருக்கும் உண்டு, ஊரே செழித்திருக்கும்போதும் உண்டு. மிஞ்சுவது தட்டுப்பாடு. ஆங்கிலத்தில் ‘ஃபேமின்’ என்று கேட்டு ‘டிராட்’, ‘ஹங்கர்’ என்று பக்கத்தில் வைத்தாலும் இதே பொறிதான். காரணம், விளைவு, கருவி, செய்பவர் என்று பொருளோடு உறவுள்ள சொற்களைத் தவறான விடைகளாக வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்கத் தனியார் பள்ளிகளுக்கான எஸ்.எஸ்.ஏ.டி. தேர்வில் சொல் பகுதியின் 60 கேள்விகளில் 30 இணைச்சொற்களே.

இதற்கு நான் நம்பும் பயிற்சி, சொல்லை வாக்கியத்தில் ஏற்றி இறக்குவது. அடிகள் தேகத்தை எடுத்துவிட்டு யாக்கையை வைத்துப் பார்த்தாரே, அதேதான். உடல், உடம்பு, மெய், யாக்கை, மேனி ஆகிய ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை’ என்ற வாக்கியத்தில் ஒவ்வொன்றாக வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். உடல் ஏறக்குறையப் பொருந்தும். ‘யாக்கை சரியில்லை’ என்றதும் பிள்ளைக்கே சிரிப்பு வரும். ஏன் பொருந்தவில்லை என்று அப்போது பேசுங்கள். யாத்தல் என்றால் கட்டுதல், கட்டப்பட்டது யாக்கை, கட்டியது ஒருநாள் அவிழும். அதனால்தான் நிலையாமை பேசும் இடங்களில் அது வருகிறது. ‘மெய் சிலிர்த்தது’ என்கிறோம், ‘மேனி நிறம்’ என்கிறோம். மெய்க்கு உண்மை என்றும் பொருள், இலக்கணத்தில் அது எழுத்தின் பெயர். இந்த ஐந்து சொல்லுக்கு அரை மணி நேரம் ஆகட்டும். இப்படிப் பழகிய பிள்ளை, தெரியாத சொல் வந்தாலும் அது எந்த வாக்கியத்தில் உட்காரும் என்று யோசிக்கும்.

நம் முன்னோர் மனப்பாடம் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தார்கள், திண்ணைப் பள்ளியில் நிகண்டு ஒப்பிக்காமல் தப்ப முடியாது. ஆனால் நிகண்டு அமைந்த முறை வேறு. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள். தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள பெயர்களை ஒரே இடத்தில் குவித்திருக்கிறார், அதுவும் ஓசை நயமுள்ள விருத்தத்தில். பதினோராம் தொகுதி நேர் எதிர்த்திசை: ஒரு சொல்லுக்குப் பல பொருள். இரண்டு பக்கமும் தெரிந்தால்தான் சொல் வசப்படும் என்று அந்தச் சமணப் புலவர் கருதியிருக்கிறார். ஆறுமுக நாவலர் 1849-இல் சென்னையில் அச்சிட்ட நூல்களில் அதுவும் ஒன்று. வீரமாமுனிவரும் 1732-இல் சதுரகராதியை அமைத்தபோது பெயரகராதி, பொருளகராதி என்று இந்த இரு திசைகளையும் தனித்தனியே வைத்தார்.

மறைமலை நகர்ப் பிள்ளைகளுக்கு இதற்கான பாடப்புத்தகம் மின்சார ரயிலிலேயே இருக்கிறது. தாம்பரத்திலிருந்து தெற்கே நிலையப் பெயர்களின் முடிவை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். வண்டலூரில் ஊர், ஊரப்பாக்கத்தில் பாக்கம், கூடுவாஞ்சேரியில் சேரி, பொத்தேரியில் ஏரி. இந்த நாலில் எது கூட்டத்தில் சேராது? ஏரி. மற்ற மூன்றும் குடியிருப்பைக் குறிப்பவை. அவை மூன்றும் ஒன்றேதானா? அகப்பொருள் இலக்கணத்தில் மருதத்துக்குப் பேரூரும் மூதூரும், முல்லைக்குப் பாடி, நெய்தலுக்குப் பாக்கமும் பட்டினமும். இந்த ஊரப்பாக்கத்தில் கடல் இல்லை. இலக்கணத்தில் நெய்தலுக்கு உரியதான சொல் உள்நாட்டு ஊர்களுக்கும் பெயராகியிருக்கிறது. அடுத்து ‘நகர்’. சங்க நூல்களில் அதற்கு மாளிகை, கோயில் என்ற பொருளும் உண்டு. வினாத்தாளில் ‘நகர்’ என்று கேட்டு, விடைகளில் ‘பட்டணம்’ இல்லாமல் ‘மாளிகை’ இருந்தால் திகைக்க வேண்டாம்.

ஏரி வந்ததால் இன்னொரு கூட்டத்தையும் தருகிறேன்: குளம், தாங்கல், சுனை, ஊருணி, கேணி, பொய்கை. செங்கல்பட்டு வட்டாரத்தில் வளரும் பிள்ளைக்கு இவற்றில் பாதி ஊர்ப்பெயராகவாவது தெரியும். வேடந்தாங்கலும் பழவந்தாங்கலும் தொலைவில் இல்லை. மலையில் ஊறுவது எது, வெட்டியது எது, ஊரார் உண்ணும் நீர் உள்ளது எது என்று பிரிக்கச் சொல்லுங்கள். எழுதிப் பார்க்கும்போது அகராதி கையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. சைனிக் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எஸ்.எஸ்.ஏ.டி.யின் நடுநிலை, மேல்நிலைத் தாள்களில் கால் மதிப்பெண் பிடிப்பார்கள். ஆகவே இங்கே எந்தக் கேள்வியையும் வெறுமையாக விட வேண்டாம். சொல்லே தெரியவில்லை என்றால் காரணத்தையும் விளைவையும் முதலில் அடித்துவிட்டு, எஞ்சியதில் வாக்கியத்தில் பொருந்துவதைக் குறிக்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)