பழைய பஜேரோவை விற்பதா, வைத்துக்கொள்வதா? முதலில் எண்ணெய்க் கணக்கைப் பாருங்கள்!

2024 ஜூன் 10ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு உயர்ந்தது. ஒரே நாளில் 1 வெள்ளி 20 சென் கூடியது. அன்று எண்ணெய் நிலையத்தில் திகைத்து நின்றவர்களில், 1990களில் வந்த பஜேரோ போன்ற பெரிய வாகனங்களை வைத்திருந்த குடும்பத்தாரும் உண்டு.

அந்த வாகனம் அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல. தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என்று 7 பேரையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவது அதில்தான். கடைக்குச் சாமான் ஏற்றுவதும், தோட்டத்து மண் சாலையில் போய் வருவதும் அதில்தான். கடனும் எப்போதோ கட்டி முடிந்துவிட்டது. அதை விற்றுவிட்டு 9 ஆண்டுக் கடனில் புது வாகனம் எடுப்பதா, அல்லது எண்ணெய்ச் செலவைப் பொறுத்துக்கொள்வதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்தது. முடிவு எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏறக்குறைய 2 டன் எடையுள்ள வாகனம் ஒருபோதும் சிறிய காரைப் போல எண்ணெய் குடிக்காது. ஆனால் அது புதிதாக இருந்தபோது குடித்ததைவிட இன்று அதிகம் குடிக்கிறது என்றால், அந்தக் கூடுதலை மீட்க வழி உண்டு.

அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள்

எண்ணெய் முள்ளைப் பார்த்துக் கணக்குப் போடுவது சரிவராது. பம்பு தானாக நிற்கும் வரை தொட்டியை நிரப்புங்கள். பயண மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல ஓட்டிவிட்டு, அதே நிலையத்தில் மறுபடியும் அதே போல் நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது தெரியும். மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

அழகுக்காகப் பெரிய டயர் போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டயரின் விட்டம் 10 விழுக்காடு கூடினால், வண்டி உண்மையில் 100 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் மீட்டர் 91 என்றுதான் காட்டும். கணக்கில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். வேக மீட்டரும் குறைத்தே காட்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஒரு கிலோமீட்டரின் மதிப்பு

லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடினால் என்ன பெரிய லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்தால் 125 லிட்டர் தேவை. 9 கிலோமீட்டர் கொடுத்தால் 111 லிட்டர் போதும். மிச்சம் 14 லிட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் சிறிய காரை 17 ஆக்கினால் 4 லிட்டர்கூட மிஞ்சாது. ஆக, அதிகம் குடிக்கும் வண்டியில்தான் சின்னத் திருத்தமும் பெரிய பலன் தருகிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி விலையில் அந்த 14 லிட்டர், மாதம் ஏறக்குறைய 47 வெள்ளி.

பட்டறையில் கேட்க வேண்டியவை

முதலில் தெர்மோஸ்டாட். எப்போதோ ஒருமுறை என்ஜின் சூடேறியிருக்கும். "நம் நாட்டு வெயிலுக்கு இது எதற்கு?" என்று சொல்லி ஃபோர்மன் அதைக் கழற்றிப் போட்டிருப்பார். அதன் பிறகு நெடுஞ்சாலையில் என்ஜின் தனக்குத் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடுகிறது. பெட்ரோல் வண்டியில், என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கணினி கூடுதல் பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். புதிய தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள். அதற்கு முன், அன்று சூடேறியதற்குக் காரணமான ரேடியேட்டரைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது பிரேக். பழைய வண்டிகளில் பிரேக் கேலிப்பர் இறுகிக்கொண்டு சக்கரத்தை விடாமல் பிடித்திருக்கும். ஓட்டுபவருக்கு அது தெரியாது. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் 20 நிமிடம் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கேதான் உங்கள் எண்ணெய் வீணாகிறது.

டீசல் வண்டி கறுப்புப் புகை கக்கினால், எரியாத டீசல் வெளியே போகிறது என்று பொருள். காற்று வடிகட்டி, இன்ஜெக்டர், டர்போ குழாய் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியில் ஆக்சிஜன் சென்சரைச் சோதிக்க வேண்டும். அது கெட்டுவிட்டால் எண்ணெய்ச் செலவு மிக மோசமாக ஏறும்.

டயர் காற்று குறைவதால் ஏற்படும் இழப்பு சிறியது. 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் சுமார் 2 விழுக்காடு. ஆனால் அதைச் சரிசெய்யச் செலவே இல்லை. ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள்.

கூரையும் வலது காலும்

வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பு அதன் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 90க்கு இறங்கினால் அந்த எதிர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பெட்டி போல் உயர்ந்து நிற்கும் வாகனத்துக்கு இது சாதாரண வேறுபாடு அல்ல. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மெதுவாகப் போவதால் கூடும் நேரம் சுமார் 24 நிமிடந்தான். கூரைமேல் எப்போதும் காலியாக நிற்கும் சாமான் தட்டையும் கழற்றி வையுங்கள். தேவைப்படும் நாளில் மாட்டிக்கொள்ளலாம்.

தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கம் வேண்டாம். பஜேரோவில் கியரை 2எச் நிலையில் வையுங்கள். ஆட்டோ கியர் வண்டியில் ஓவர்டிரைவ் பொத்தான் தவறுதலாக அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பள்ளி வாசலில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு காத்திருப்பதும் செலவுதான். பெரிய என்ஜின் சும்மா நிற்கும்போதே மணிக்கு 1 லிட்டரோ அதற்கு மேலோ எரிக்கும். தினமும் அரை மணி நேரம் என்றால், 20 பள்ளி நாளில் 10 லிட்டராவது போய்விடும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

மலைச் சாலையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சம் என்பது தவறான நம்பிக்கை. கியரில் இருக்கும்போது எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில் எண்ணெய் நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் தொடர்ந்து எரிக்கும். அதோடு, 2 டன் வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டியிருக்கும். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில் பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போனால், மிச்சம் பிடித்த சில காசுக்கு ஒரு குடும்பமே விலை கொடுக்க நேரிடும்.

எண்ணெய்க் குழாயில் மாட்டும் காந்தம், தொட்டியில் போடும் மாத்திரை ஆகியவற்றையும் நம்ப வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இத்தகைய 100க்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்திருக்கிறது. அவற்றில் பயன் தந்தவை மிகச் சில. அந்தப் பணத்தில் பிரேக்கைப் பழுதுபார்க்கலாம்.

இனி முடிவெடுங்கள்

இவற்றையெல்லாம் செய்து மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். எண் உயர்ந்திருந்தால், அந்த மாதச் சேமிப்பையும் பழுதுபார்க்கும் செலவையும் புது வாகனத் தவணையோடு ஒப்பிடுங்கள். எண் அசையவே இல்லை, சட்டமும் துருப்பிடித்திருக்கிறது என்றால் விற்பதில் வருத்தம் வேண்டாம்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், 7 பேருக்கும் மூட்டை முடிச்சுக்கும் அதை எடுங்கள். பக்கத்துக் கடையில் ஒரு ரொட்டி வாங்க 2 டன் இரும்பை நகர்த்த வேண்டியதில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, நமக்குக் காலும் இருக்கிறது.