நாளைய மழைக்கு இன்றே கணக்கு!

நாளை மழை வருமா? கணக்குப் போட்டே சொல்லலாம் என்றார் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி.

முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்டோரை ஏற்றும் வண்டி ஓட்டினார் அவர். ஓய்வு நேரத்தில் கணக்கு! வைக்கோல் குவியல்தான் மேஜை.

ஐரோப்பாவின் படத்தில் சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள் போட்டார். பக்கத்துக் கட்டங்களின் காற்றையும் அழுத்தத்தையும் வைத்து, அடுத்து நடப்பதைக் கணக்கிட்டார்.

6 மணி நேர மாற்றத்தை அறிய ஏறக்குறைய 6 வாரம் பிடித்தது! விடையும் தவறு. தொடக்க எண்களில்தான் கோளாறு, வழி சரியானதே.

1950-ல் அமெரிக்காவின் 'எனியாக்' யந்திரம் ஒரு நாள் கணிப்பை ஏறக்குறைய ஒரே நாளில் போட்டது.

கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் விடை துல்லியமாகும். ஆனால், ஒரு கட்டம் 4 கட்டமாகும். நேரத்தையும் பாதிப் பாதியாகப் பிரிக்கவேண்டும். வேலை 8 மடங்கு!

அதனால் இன்று ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் கட்டங்களைப் பங்கிட்டுக் கொள்கின்றன. ஓரக் கட்டங்களின் விவரம் மட்டும் அண்டை கம்ப்யூட்டருக்குப் போகும். அது வந்து சேருமுன் நடுக் கட்டங்களின் வேலை நடக்கும். சோறு வேகும்போதே காய் நறுக்குகிறோமே, அதுபோல!

இவ்வளவு அவசரம் ஏன்? புயல் வந்தபின் வரும் விடை யாருக்கு வேண்டும்?