கட்டி போகட்டும், கால் இருக்கட்டும்

1940இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆஸ்டின் மூர் என்ற மருத்துவர், தொடை எலும்பின் மேல்பகுதியில் திரும்பத் திரும்ப வளர்ந்த கட்டியை அகற்றி, அங்கே விட்டாலியம் என்னும் உலோகக் கலவையால் ஆன பாகத்தைப் பொருத்தினார். இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒன்று இந்தக் கட்டி அறுவைதான்.

எலும்புப் புற்றுநோய்களில் ஆஸ்டியோசார்கோமா கொடியது. வளரும் பருவத்துப் பிள்ளைகளையே அது அதிகம் தாக்குகிறது, பெரும்பாலும் முழங்காலை ஒட்டி. 1970கள் வரை காலைத் துண்டிப்பதே வழக்கம். அப்படியும் ஐந்தில் ஒருவரே பிழைத்தார். கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் ஏற்கெனவே நுரையீரலுக்குப் போயிருக்கும். மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் மருந்துகள் வந்தபின் நிலைமை மாறியது. பரவாத நிலையில் கண்டறிந்தால் இன்று மூன்றில் இருவர் வரை பிழைக்கிறார்கள்.

காலைத் துண்டிக்காமல் காக்கும் அறுவையில் கட்டியை வெட்டித் திறப்பதில்லை. சுற்றியுள்ள நல்ல தசையோடு சேர்த்து முழுதாக எடுக்கிறார்கள். விடுபட்ட இடத்தில் நீண்ட தண்டுடன் கூடிய பெரிய செயற்கை மூட்டு அமர்கிறது. விலை உயர்ந்த வெளிநாட்டு மூட்டுகளை நம்பியிராமல், நோயாளியின் அளவுக்கே உள்நாட்டில் செய்து பொருத்தும் முறையைச் சென்னையில் வளர்த்தவர் மருத்துவர் மயில்வாகனன் நடராஜன். வளரும் குழந்தைகளுக்கு, வெளியிலிருந்து காந்தப்புலத்தால் நீட்டக்கூடிய மூட்டுகளும் உண்டு.

கிருமித் தொற்றும், தண்டு தளர்வதும் இன்னும் தீராத தொல்லைகள். தொற்றைக் குறைக்க வெள்ளிப் பூச்சு ஆராயப்படுகிறது.

பிள்ளைக்கு முழங்கால் அருகே வலியும் வீக்கமும் வாரக்கணக்கில் நீடித்தால், எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.